கைவினை எஃகு மிதிவண்டிச் சட்டகம்

கைவினை எஃகு மிதிவண்டிச் சட்டகம் என்பது ஒருவர் தம் கையால் எஃகுக் குழாய்களை அளந்து, வெட்டி, அராவி, நெருப்பில் இணைத்து உருவாக்கும் மிதிவண்டிச் சட்டகம் ஆகும். பேச்சுவழக்கில் சைக்கிள் பிரேம் எனப்படுவது இதுவே. சக்கரம், சங்கிலி, தடை (பிரேக்), இருக்கை ஆகியவற்றைக் கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் சட்டகம் மட்டும் செய்பவரின் கைவேலை. இங்கிலாந்து, இத்தாலி, பிரான்சு, சப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் இது தொழிலாக மட்டுமின்றிப் பொழுதுபோக்காகவும் வளர்ந்துள்ளது. வார இறுதி நாள்களில் வீட்டுக் கொட்டகையில் வேலை செய்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு சட்டகங்களை முடிப்பவர்கள் அங்கு உண்டு.

இப்பொழுதுபோக்குக்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. ஆனால் இதன் விளைபொருளின் மேல் ஒரு மனிதர் ஏறி அமர்ந்து வேகமாகச் செல்லப்போகிறார். இணைப்பு ஒன்று விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் இதில் பொறுமையும் சோதனையும் கைத்திறனுக்கு இணையான இடத்தைப் பெறுகின்றன.

## வரலாறு

1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் என்னும் மிதிவண்டியை வெளியிட்டார். ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட அந்த வடிவமே இன்றைய மிதிவண்டிக்கு முன்னோடி. 1890களில் சாய்சதுர வடிவச் சட்டகம் பரவலாக நிலைபெற்றது. ஒரு முக்கோணத்தின் பின்னால் இன்னொரு முக்கோணம் சேர்ந்ததே அந்த வடிவம். முக்கோணத்தின் பக்க நீளங்கள் மாறாதவரை அதன் வடிவமும் மாறாது. அதனால்தான் நூற்றாண்டு கடந்தும் இவ்வடிவம் நீடிக்கிறது.

1897 இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆணி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ், நடுப்பகுதி மெலிந்தும் முனைகள் தடித்தும் இருக்கும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். குழாயின் வெளிவிட்டம் முழு நீளத்துக்கும் ஒன்றே. சுவரின் தடிமன் மட்டும் உட்புறமாக மாறும். ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935 இல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 என்னும் குழாய் வகையை அறிமுகப்படுத்தியது. பல பத்தாண்டுகளுக்குப் பந்தய மிதிவண்டிகளின் முதன்மைப் பொருளாக அது விளங்கியது. இத்தாலியின் மிலான் நகரில் 1919 இல் ஏஞ்சலோ லூயிசி கொலம்போ தொடங்கிய நிறுவனம், கொலம்பஸ் என்ற பெயரில் இதற்கு இணையான குழாய்களைத் தந்தது.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சினோ சினெல்லி, பலியேரோ மாசி, ஊகோ தெ ரோசா, எர்னெஸ்டோ கொல்னாகோ ஆகிய இத்தாலியக் கைவினைஞர்கள் புகழ்பெற்றனர். மாசியின் பட்டறை மிலானில் உள்ள விகோரெல்லி மிதிவண்டிப் பந்தயக் களத்தின் அடியிலேயே இருந்தது. பெல்சிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டி உலகச் சாதனை படைத்தபோது ஏறியிருந்தது, கொல்னாகோ செய்த எஃகுச் சட்டகத்தில்தான். அந்த வண்டியின் மொத்த எடை 6 கிலோகிராமுக்கும் குறைவு.

1970களில் அமெரிக்காவிலும் இக்கலை பரவியது. ஆல்பர்ட் ஐசன்டிராட் என்னும் கைவினைஞரிடம் பயின்ற ஜோ பிரீஸ், 1977 இல் கலிபோர்னியாவில் மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்றே ஒரு சட்டகத்தைக் குரோமியம்–மாலிப்டினம் எஃகில் செய்தார். மலை மிதிவண்டி என்று இன்று உலகெங்கும் விற்கும் வகையின் தொடக்கங்களுள் அது ஒன்று. கடையில் கிடைக்காத ஒரு வண்டி வேண்டும் என்ற ஆர்வலர்களின் தேவையிலிருந்து ஒரு புதிய வகையே பிறந்ததற்கு அது சான்று.

1980களுக்குப் பின் அலுமினியமும், அதைத் தொடர்ந்து கரிம இழையும் பந்தயக் களத்தைப் பிடித்துக்கொண்டன. எஃகு பின்னுக்குப் போனாலும் கைவினைஞர்கள் அதைக் கைவிடவில்லை. 1981 இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட யுனைடெட் பைசிக்கிள் இன்ஸ்டிடியூட் சட்டகம் செய்யும் வகுப்புகளை நடத்தத் தொடங்கியது. 2005 முதல் வட அமெரிக்கக் கைவினை மிதிவண்டிக் கண்காட்சியும், 2011 முதல் இங்கிலாந்தில் பீஸ்போக்டு கண்காட்சியும் நடைபெற்றன. சப்பானில் 1948 இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில், ஏற்பு பெற்ற கைவினைஞர்கள் செய்த எஃகுச் சட்டகங்களையே நெடுங்காலமாக வீரர்கள் ஓட்டி வந்துள்ளனர்.

## சட்டகத்தின் பாகங்கள்

ஒரு சாய்சதுரச் சட்டகத்தில் பின்வரும் பாகங்கள் இருக்கும்.

- மேல்குழாய்: இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையில் படுக்கையாக அமைவது. நம் ஊர்ப் பேச்சில் "பார்". சிறு பிள்ளைகளை உட்கார வைத்து அழைத்துச் செல்லும் இடம் இதுதான்.
- கீழ்க்குழாய்: கைப்பிடிப் பக்கத்திலிருந்து மிதியச்சுக்குச் சாய்வாக இறங்குவது. சட்டகத்தில் மிகுதியான முறுக்கு விசையைத் தாங்குவது இதுவே.
- இருக்கைக் குழாய்: மிதியச்சிலிருந்து இருக்கைக்கு ஏறுவது.
- தலைக்குழாய்: முன்கவையின் தண்டு சுழலும் குட்டையான குழாய்.
- சங்கிலித் தாங்கிகள்: மிதியச்சிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் இரு மெல்லிய குழாய்கள்.
- இருக்கைத் தாங்கிகள்: இருக்கைக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் இரு குழாய்கள்.
- மிதியச்சுக் கூடு: மிதிக்கட்டையின் அச்சு சுழலும் உருளை. நான்கு குழாய்கள் வந்து சேரும் இடம்.
- அச்சுத் தகடுகள்: பின்சக்கரத்தின் அச்சு பொருந்தும் இரு தகடுகள்.

சாலை மிதிவண்டிகளின் மரபான அளவுகளில் மேல்குழாயின் வெளிவிட்டம் 25.4 மி.மீ., கீழ்க்குழாயும் இருக்கைக் குழாயும் 28.6 மி.மீ. இருக்கும். பின்னாளில் மேல்குழாய் 28.6 மி.மீ., கீழ்க்குழாய் 31.8 மி.மீ. எனச் சற்றுப் பெரிய அளவுகள் வழக்கத்துக்கு வந்தன. மிதியச்சுக் கூட்டின் அகலம் பெரும்பாலும் 68 மி.மீ. பிரித்தானிய அளவுக் கூட்டில் வலப்பக்க மரை இடமாகச் சுழலும் மரை. மிதிக்கும்போது ஏற்படும் விசை, மரையைத் தளர்த்திவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

## எஃகைத் தேர்ந்தெடுக்கும் காரணம்

உலோகத்தில் விறைப்பு என்பது வேறு, வலிமை என்பது வேறு. விசை கொடுத்தால் எவ்வளவு வளைகிறது என்பதை விறைப்பு காட்டும். எந்த விசையில் நிரந்தரமாக வளைகிறது அல்லது முறிகிறது என்பதை வலிமை காட்டும். எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 முதல் 210 கிகாபாஸ்கல் வரை. விலை மலிவான எஃகுக்கும் விலை உயர்ந்த எஃகுக்கும் இந்த எண் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஒரே அளவுள்ள குழாய்களில், உயர்ந்த எஃகு என்பதற்காகச் சட்டகம் விறைப்பாக ஆகிவிடாது.

மாறுவது வலிமை. சாதாரண மென் எஃகின் இழுவலிமை 400 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். 4130 எனப்படும் குரோமியம்–மாலிப்டினம் எஃகுக் குழாய்களில் அது 700 அளவில் இருக்கும். 1990களில் வந்த ரெனால்ட்ஸ் 853 வகையில் 1200ஐத் தாண்டும். வலிமை கூடினால் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும். நல்ல எஃகு வாங்குவதன் பயன் இதுதான். நடுவில் 0.5 அல்லது 0.6 மி.மீ., முனைகளில் 0.8 அல்லது 0.9 மி.மீ. தடிமனுள்ள குழாய்கள் பரவலாகப் பயன்படுகின்றன. முனைகள் தடித்திருக்க இரு காரணங்கள் உண்டு. இணைப்பை ஒட்டியே தகைவு மிகுதி. நெருப்புப் படுவதால் எஃகு வலிமை இழக்கும் பகுதியும் அதுவே.

விட்டமும் முக்கியம். மெல்லிய சுவருள்ள குழாயின் எடை விட்டத்தையும் தடிமனையும் பெருக்கினால் வரும் அளவைப் பொறுத்தது. வளைவுக்கு எதிரான விறைப்போ விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விட்டத்தை இருமடங்காக்கித் தடிமனைப் பாதியாக்கினால் எடை மாறாது, விறைப்பு நான்கு மடங்காகும். ஆனால் சுவர் அளவுக்கு மீறி மெலிந்தால், காலி டின் நசுங்குவது போலச் சிறு அடியிலேயே குழாய் நெளிந்துவிடும். இந்த இரு எல்லைகளுக்கும் இடையில்தான் குழாய் தேர்வு நடக்கிறது.

வீட்டுப் பட்டறைக்கு எஃகு ஏற்றதாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதை அரத்தால் அராவ முடியும். சிறிது வளைந்தால் குளிர்நிலையிலேயே நிமிர்த்த முடியும். அலுமினியத்தைப் போல இணைத்த பின் உலையில் வைத்துப் பதப்படுத்தத் தேவையில்லை. மேலும், ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே எத்தனை முறை விசை ஏறி இறங்கினாலும் எஃகு களைப்படைந்து முறிவதில்லை. அலுமினியத்துக்கு இத்தகைய தெளிவான எல்லை கிடையாது.

## வடிவமைப்பு

சட்டகம் முதலில் தாளில் பிறக்கிறது. ஓட்டுபவரின் உள்கால் நீளம், உடல் நீளம், கை நீளம் ஆகியவை அளக்கப்படும். உள்கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால் மிதியச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரையுள்ள உயரம் கிடைக்கும் என்பது பரவலாக வழங்கும் தொடக்கக் கணக்கு. உள்கால் 80 செ.மீ. என்றால் இருக்கை உயரம் சுமார் 70.6 செ.மீ. வரும். ஓட்டிப் பார்த்து அதைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கொள்வர்.

தலைக்குழாயும் இருக்கைக் குழாயும் கிடைமட்டத்துடன் பெரும்பாலும் 72 முதல் 74 டிகிரி வரை சாய்ந்திருக்கும். இந்தக் கோணமே வண்டியின் போக்கைத் தீர்மானிக்கிறது. தலைக்குழாயின் அச்சைத் தரைவரை நீட்டினால், அது சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் தரையைத் தொடும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு டிரெயில் என்று பெயர். டிரெயில் கூடினால் வேகத்தில் வண்டி நேராகச் செல்லும் இயல்பு கூடும். குறைந்தால் கைப்பிடி எளிதாகத் திரும்பும்.

இதைப் பள்ளி முக்கோணவியலால் கணக்கிடலாம். சக்கரத்தின் ஆரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கி, முன்கவையின் விலகலைக் கழித்து, கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். ஆரம் 340 மி.மீ., கோணம் 73 டிகிரி, விலகல் 45 மி.மீ. எனில் டிரெயில் ஏறத்தாழ 57 மி.மீ. கோணத்தை 72 டிகிரியாக மாற்றினால் அது 63 மி.மீ. ஆகிவிடும். ஒரே ஒரு டிகிரிப் பிழை 6 மி.மீ. வேறுபாட்டைத் தருகிறது. ஆகையால் முழு அளவில் வரைபடம் வரைந்து, குழாய்களை அதன் மேல் வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

## குழாய் முனைகளை வெட்டுதல்

ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் உருண்ட முதுகில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அதற்காக முனையை வளைவாக வெட்டுவர். 25.4 மி.மீ. குழாய், 28.6 மி.மீ. குழாயின் மேல் செங்கோணத்தில் உட்கார வேண்டுமானால் வெட்டின் ஆழம் 7.7 மி.மீ. வரும். 73 டிகிரிச் சாய்வில் உட்கார வேண்டுமானால் சாய்வுக்காக ஒரு பக்கம் இன்னும் 7.8 மி.மீ. விட வேண்டும். இந்த வளைவைத் தாளில் அச்சிட்டுக் குழாயைச் சுற்றி ஒட்டி, இரும்பு ரம்பத்தால் தோராயமாக வெட்டி, அரைவட்ட அரத்தால் கோடு வரை அராவுவதே எளிய முறை.

தொடக்கநிலையாளர்கள் பலரும் அவசரப்படும் இடம் இது. சிறு இடைவெளிதானே, உருகிய உலோகம் நிரப்பிவிடும் என்று விட்டுவிடுவர். நிரப்பு உலோகம் எஃகைவிட மென்மையானது. தடித்த நிரப்பு, விசையைத் தாங்காது. அருகருகே உள்ள இரு எஃகுப் பரப்புகளுக்கு நடுவில் அது மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் இணைப்பு வலுப்பெறும். வெட்டிய முனையை மற்றக் குழாயின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் எங்கும் ஒளிக்கீற்று தெரியக் கூடாது என்பது பழைய பட்டறைச் சோதனை.

## இணைப்பு முறைகள்

பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் பிரேசிங் முறையைக் கையாள்கின்றனர். வெல்டிங்கில் எஃகே உருகி ஒன்றாகிறது. பிரேசிங்கில் எஃகு உருகுவதில்லை. அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் பித்தளையோ வெள்ளிக் கலவையோ இடையில் புகுந்து இரு பரப்புகளையும் பிணைக்கிறது. நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதி நகையை இணைப்பதும் இதே தத்துவம்தான். அவர்கள் பயன்படுத்தும் வெண்காரமே பித்தளை பிரேசிங்குக்கான இளக்கியிலும் முதன்மைப் பொருள். சூடேறும் எஃகின் மேல் ஆக்சைடு படியாமல் காத்து, படிந்ததையும் கரைப்பது இளக்கியின் வேலை.

லக் முறை. லக் என்பது குழாய்கள் செருகப்படும் வார்ப்பு அல்லது அழுத்து இரும்புப் பொருத்தி. குழாய்க்கும் லக்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி இருக்கும். உருகிய வெள்ளிக் கலவை அந்த இடைவெளியில் நுண்புழை ஏற்றத்தால் தானாகவே இழுக்கப்படும். மண்ணெண்ணெய் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். உலோகம் எப்போதும் வெப்பம் மிகுந்த பக்கத்தை நோக்கி ஓடும். எனவே ஒரு விளிம்பில் கம்பியை ஊட்டி, மறு விளிம்பை நோக்கிச் சுடரை நகர்த்துவர். மறு விளிம்பில் பளபளப்பான கோடு தெரிந்தால் உலோகம் முழுதும் பரவிவிட்டது என்று பொருள்.

பில்லட் முறை. இதில் லக் கிடையாது. வெட்டிய முனையை நேரடியாக மற்றக் குழாயின் மேல் வைத்து, சந்தியைச் சுற்றிப் பித்தளையை மென்மையான வளைவாகக் கட்டுவர். பின் அரத்தாலும் உப்புத்தாளாலும் வழவழப்பாக்குவர். எந்தக் கோணத்திலும், எந்த விட்டத்திலும் செய்யலாம் என்பது இதன் வசதி.

டிக் வெல்டிங். ஆர்கான் வாயுவின் காப்பில் மின்பொறியால் எஃகையே உருக்கி இணைக்கும் முறை. விரைவானது, எடை குறைவு. ஆனால் அரை மில்லிமீட்டர் சுவரில் துளை விழாமல் செய்ய நீண்ட பயிற்சி வேண்டும்.

பித்தளை உருகுவதற்கு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் தேவை. வெள்ளி மிகுந்த கலவைகளுக்கு 620 முதல் 700 டிகிரி போதும். வெப்பமானி வைத்து அளப்பதில்லை. கண்ணே வெப்பமானி. வெள்ளிக்கான இளக்கி முதலில் வெள்ளையாகப் பொங்கி, பின் கண்ணாடி போலத் தெளிந்தால் வேலைக்குரிய வெப்பம் வந்துவிட்டது. எஃகு மங்கிய சிவப்பைத் தாண்டினால் வெள்ளிக்கு அது மிகையான வெப்பம். இளக்கி கருத்துப்போனால் அது தீய்ந்துவிட்டது, உலோகம் ஒட்டாது. அப்போது மேலும் கம்பியை ஊட்டிப் பயனில்லை. ஆறவிட்டு, சுத்தம் செய்து, மறுபடி தொடங்க வேண்டும்.

## செய்முறை வரிசை

முதலில் குழாய்கள் வெட்டப்பட்டு, பிடிசட்டத்தில் வரைபடத்தின்படி பொருத்தப்படும். விலை உயர்ந்த பிடிசட்டம் இல்லாதவர்கள் நேரான இரும்புக் கோணச் சட்டங்களையோ தட்டையான மேசையையோ வைத்து வேலையை முடிப்பதும் உண்டு. இணையும் பரப்புகள் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, எண்ணெய்ப் பசை நீக்கப்பட்டு, இளக்கி பூசப்படும். சிறு புள்ளிகளில் மட்டும் முதலில் பற்றவைத்து, கோணங்களைச் சரிபார்த்த பின்னரே முழு இணைப்பு செய்யப்படும். பொதுவாக இருக்கைக் குழாயும் மிதியச்சுக் கூடும் முதலில் இணையும். அடுத்து முன்முக்கோணம், அதன்பின் சங்கிலித் தாங்கிகள், இறுதியில் இருக்கைத் தாங்கிகள். தண்ணீர்ப் போத்தல் பிடி, கம்பிவடப் பிடி போன்ற சிறு பொருத்திகள் கடைசியில் வரும்.

மறந்துவிடக் கூடாத ஒன்று காற்றுத் துளை. இரு முனையும் அடைபட்ட குழாயைச் சூடாக்கினால் உள்ளே உள்ள காற்று விரியப் பார்க்கும். 27 டிகிரி செல்சியஸிலிருந்து 927 டிகிரிக்குச் சென்றால் கெல்வின் அளவில் 300 என்பது 1200 ஆகிறது. அழுத்தம் நான்கு மடங்காகிறது. அந்த அழுத்தம் உருகிய உலோகத்தை இணைப்பிலிருந்து ஊதித் தள்ளிவிடும், சில வேளைகளில் முகத்தின் மேலும் தெறிக்கும். ஆகவே குழாய்கள் சந்திக்கும் இடங்களில், மறைவாகச் சிறு துளைகள் இடப்படும்.

வேலை முடிந்ததும் சட்டகம் சுடுநீரில் ஊற வைக்கப்படும். வெள்ளிக்கான இளக்கி எளிதில் கரையும். பித்தளைக்கான வெண்கார இளக்கி கண்ணாடி போல இறுகியிருப்பதால் கூடுதல் நேரம் எடுக்கும். இளக்கி மிச்சம் இருந்தால் வண்ணத்தின் அடியில் துரு பிடிக்கும்.

அடுத்து நேர்மை பார்த்தல். ஒரு பக்க அச்சுத் தகட்டில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்க அச்சுத் தகட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். இருக்கைக் குழாயின் இரு புறமும் நூல் வரை உள்ள தூரத்தை அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதல் என்றால் பின்பகுதி விலகியிருக்கிறது. விலை இல்லாத இந்த நூல் சோதனை, விலை உயர்ந்த தளங்கள் உள்ள பட்டறைகளிலும் வழக்கில் உள்ளது. இறுதியாக மிதியச்சுக் கூட்டின் மரை சுத்தம் செய்யப்பட்டு, இருக்கைக் குழாயின் உட்புறம் சீராக்கப்பட்டு, வண்ணம் பூசப்படும். முடிந்த சட்டகம் பெரும்பாலும் 1.5 முதல் 2.2 கிலோகிராம் எடை இருக்கும்.

## பாதுகாப்பு

ஆக்சிசன் உருளை, அசிட்டிலீன் அல்லது புரோப்பேன் உருளை, ஊதுகுழல் ஆகியவையே வெப்பத்தின் மூலம். உருளைகள் நிமிர்ந்த நிலையில் சங்கிலியால் கட்டப்பட வேண்டும். அசிட்டிலீனின் அழுத்தம் சுமார் 1 பாருக்கு மேல் போகக் கூடாது, மீறினால் அது தானாகச் சிதைந்து வெடிக்கும். ஆக்சிசன் இணைப்புகளில் எண்ணெயோ கிரீசோ படவே கூடாது. சுடர் குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் அடைப்பிதழ் கட்டாயம். சமையலுக்கு வழங்கப்படும் வீட்டு எரிவாயு உருளையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

புகை இன்னொரு ஆபத்து. பித்தளையை மிகைச் சூடாக்கினால் துத்தநாகம் ஆவியாகும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் வரும். பழைய வெள்ளிக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் உண்டு. அதன் புகை நுரையீரலைத் தாக்கி உயிரையே பறிக்கக் கூடியது. எனவே காட்மியம் இல்லாதது என்று குறிப்பிட்ட கம்பியையே வாங்க வேண்டும். வெள்ளிக்கான இளக்கியில் புளோரைடு இருப்பதால் காற்றோட்டம் இன்றியமையாதது.

## முதல் சட்டகமும் சோதனையும்

இக்கலையில் ஒருவர் எதிர்கொள்ளும் கடினமான கேள்வி, தாம் செய்ததை நம்பி ஏறலாமா என்பதுதான். பிரேசிங் இணைப்பின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே அழகாகத் தெரியும் இணைப்பு உள்ளே பாதி வெறுமையாக இருக்கலாம். சீரற்ற வெளித்தோற்றம் உள்ள இணைப்பு உள்ளே முழுமையாக நிறைந்திருக்கலாம். வண்ணம் பூசிய பின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இதற்கான விடை, மிச்சக் குழாய்த் துண்டுகளில் பல பயிற்சி இணைப்புகளைச் செய்து, அவற்றை நீளவாக்கில் அறுத்துப் பார்ப்பது. உட்பரப்பு முழுதும் வெள்ளியோ பித்தளையோ பரவியிருக்கிறதா, எங்கே கறுத்த தீவுகள் உள்ளன, எந்தப் பக்கத்தில் வெப்பம் போதவில்லை என்பவை அப்போது வெளிப்படும். அறுத்த துண்டைப் பட்டறைப் பிடியில் வைத்து நெம்ப வேண்டும். இணைப்பு விடுவதற்கு முன் குழாய் வளைந்தால் இணைப்பு நல்லது. குழாய் வளையாமல் இணைப்பு விட்டால் இன்னும் பயிற்சி தேவை. தாம் செய்த முதல் சட்டகத்தையே அறுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பல மாத உழைப்பை ரம்பத்தால் அறுப்பது மனத்துக்கு எளிதன்று. ஆனால் அடுத்த சட்டகத்தின் மேல் நம்பிக்கையோடு ஏறும் உரிமையை அது தருகிறது.

முன்கவையை முதலிலேயே சொந்தமாகச் செய்ய வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. கீழ்க்குழாயில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் வண்டி ஆடத் தொடங்கி எச்சரிக்கும். முன்கவை முறிந்தாலோ ஓட்டுபவர் அந்த நொடியிலேயே தலைகுப்புற விழுவார். எனவே தொழிற்சாலையில் சோதிக்கப்பட்ட முன்கவையை வாங்கிப் பொருத்துவதே நல்லது. சட்டகங்களையும் முன்கவைகளையும் மீண்டும் மீண்டும் விசைக்கு உள்ளாக்கிச் சோதிக்கும் முறைகளை ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்துள்ளது. வீட்டில் செய்பவரிடம் அத்தகைய பொறிகள் இருப்பதில்லை. அதனால் தமக்கென ஓட்டுவது ஒரு நிலை, பிறருக்கு விற்பது முற்றிலும் வேறு நிலை. பிறர் ஏறும் வண்டிக்கு, அதைச் செய்தவரே சட்டப்படியும் பொறுப்பாளர்.

## தவறான கருத்துகள்

எஃகுச் சட்டகம் பல ஆண்டுகள் ஓட்டினால் தளர்ந்து மென்மையாகிவிடும் என்று சிலர் கருதுகின்றனர். எஃகின் யங் குணகம் ஓட்டத்தால் குறைவதில்லை. விரிசலோ துருவோ இல்லாதவரை பழைய சட்டகம் புதியது போன்றே விறைப்பாக இருக்கும்.

எஃகு என்றாலே குலுக்கம் குறையும் என்பதும் முழு உண்மை அன்று. முக்கோணச் சட்டகம் செங்குத்துத் திசையில் மிகக் குறைவாகவே வளையும். ஓட்டுபவர் உணரும் மென்மையில் பெரும்பங்கு சக்கரப் பட்டையின் (டயர்) அகலத்தாலும் காற்றழுத்தத்தாலும் வருகிறது. அகலமான பட்டை பொருந்துமாறு இடம் விட்டுச் சட்டகத்தை வடிவமைப்பதே குலுக்கத்தைக் குறைக்கும் உறுதியான வழி.

## தமிழ்நாட்டுத் தொடர்பு

1928 இல் ரெனால்ட்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தில் இணைந்தது. அதே குழுமத்துடன் முருகப்பா குழுமம் கூட்டுச் சேர்ந்து 1949 இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னை அம்பத்தூரில் அமைந்த அதன் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் ஊரெங்கும் சென்றன. 1955 இல் ஆவடியில் எஃகுக் குழாய் ஆலையும் தொடங்கப்பட்டது. பால்காரரும், தபால்காரரும், பள்ளிக்குச் செல்லும் மாணவரும் ஓட்டிய அந்தக் கறுப்பு வண்டிகளின் சட்டகமும் லக் வைத்து இணைத்த எஃகுச் சட்டகம்தான். தடித்த குழாய், கனமான எடை என்பதைத் தவிர, அமைப்பில் இத்தாலியப் பந்தய வண்டிக்கும் அதற்கும் அடிப்படை வேறுபாடு இல்லை.

பழைய இரும்புக்கடையில் கிடக்கும் அத்தகைய சட்டகம் ஒன்றை வாங்கி, வண்ணத்தைச் சுரண்டி, லக் பகுதியை அறுத்துப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பாடம். குழாயும் லக்கும் சந்திக்கும் இடத்தில் மஞ்சள் கோடாகத் தெரியும் பித்தளை, இணைப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காட்டும்.

## பராமரிப்பும் பழுதுபார்ப்பும்

எஃகின் முதன்மைப் பகை துரு. அது பெரும்பாலும் உட்புறத்தில் தொடங்குவதால் கண்ணில் படுவதில்லை. இருக்கைக் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் மிதியச்சுக் கூட்டில் தேங்கும். கூட்டின் அடியில் ஒரு வடிதுளை இருப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை இருக்கைத் தண்டைக் கழற்றிக் கிரீசு தடவுவதும், குழாய்களின் உட்புறம் ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயைப் படரவிடுவதும் பயனுள்ளவை. வண்ணத்தில் மெல்லிய கோடாகத் துருக்கறை தெரிந்தால் அது விரிசலாக இருக்கக் கூடும். உடனே சுரண்டிப் பார்க்க வேண்டும்.

நசுங்கிய அல்லது முறிந்த குழாயை மட்டும் சூடாக்கிக் கழற்றி, புதிய குழாயை அதே இடத்தில் வைத்து மீண்டும் இணைக்க முடியும். செய்தவர் இல்லாவிட்டாலும், பிரேசிங் தெரிந்த வேறொருவர் அதைச் செய்ய இயலும். அதனால்தான் எழுபது, எண்பது ஆண்டுப் பழைமையான எஃகுச் சட்டகங்கள் இன்றும் பல நாடுகளில் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.